கடலுக்குக் காய்ச்சல் பார்த்தவர்கள் – 4: மூன்று கோடை, நான்கு குளிர்காலம்

சென்ற வாரம் ஹெரால்ட் யூரியை ஒரு கணக்குத் தாளோடு உட்கார வைத்துவிட்டு வந்தோம். அந்தத் தாளில் நமக்கு வேண்டிய எண்கள் இரண்டுதான். நீரில் சாதாரண ஆக்சிஜன் 500 இருந்தால் கன ஆக்சிஜன் 1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் சுண்ணாம்பு படிகிறது. நீர் 0 டிகிரியில் இருந்தால், சுண்ணாம்பில் அந்த 1 என்பது 1.026 ஆகிவிடும். 25 டிகிரியில் இருந்தால் 1.022. அதாவது, நீர் குளிரக் குளிரச் சுண்ணாம்பில் கன ஆக்சிஜன் கொஞ்சம் கூடும். சிப்பியின் ஓடும் சங்கும் சுண்ணாம்புதானே? அப்படியானால் எப்போதோ வற்றிப்போன ஒரு கடலின் வெப்பநிலையை அதன் சிப்பியைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

யோசனையைச் சொன்னவர் சாமானியர் இல்லை. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934ல் நோபல் பரிசு வாங்கியவர். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியத்தின் ஐசோடோப்புகளைப் பிரிக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர். போர் முடிந்ததும், அணுசக்தியை ராணுவத்தின் பிடியில் விடக்கூடாது என்று மேடையேறிப் பேசியவரும் அவரேதான். 1947ல் அச்சான அவருடைய லண்டன் சொற்பொழிவில், பக்கம் பக்கமாகப் போகும் வெப்ப இயக்கவியல் கணக்குகளுக்கு நடுவே, கடல்களின் பழைய வெப்பநிலையை அளக்கலாம் என்ற அந்தச் சின்ன யோசனையும் இருந்தது.

எல்லாம் சரி. ஆனால் சிப்பி என்ன, யூரியின் சமன்பாட்டைப் படித்துவிட்டா ஓடு கட்டுகிறது?

*

சிப்பியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கருவியைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது.

நீரின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால், ஓட்டில் கன ஆக்சிஜனின் பங்கு மாறுவது பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். அந்தக் கன ஆக்சிஜனே ஐந்நூறில் ஒன்று. அணுக்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானி என்ற கருவி அப்போதே இருந்தது. மின்னசோட்டாவில் ஆல்ஃபிரட் நியர் வடிவமைத்தது, நல்ல கருவிதான். ஆனால் அதன் பிழையே யூரி தேடிய வித்தியாசத்தைவிடப் பெரியது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மெக்கின்னியும் கூட்டாளிகளும் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். அவர்கள் செய்த தந்திரம் எளிமையானது, ஆனால் பிரமாதமானது. ஒரு வாயுவில் கன ஆக்சிஜன் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது கஷ்டம். இரண்டு வாயுக்களில் எதில் கூட, எவ்வளவு கூட என்று சொல்வது சுலபம். ஆகவே சிப்பியிலிருந்து வந்த வாயுவையும், தெரிந்த ஒரு மாதிரி வாயுவையும் வால்வைத் திருப்பித் திருப்பி மாற்றி மாற்றிக் கருவிக்குள் விட்டார்கள். கருவி தன்போக்கில் கொஞ்சம் தடுமாறினாலும், இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தடுமாறும். வித்தியாசம் மட்டும் சுத்தமாக நிற்கும். 1950ல் அந்தக் கருவி பற்றிய கட்டுரை வந்தபோது பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் நம்பிக்கை வந்திருந்தது. அரை டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுவதற்கு அந்த மாதிரி வாயு எங்கிருந்து வந்தது? தெற்குக் கரோலினாவில் பீ டீ என்ற பாறைத் தொகுதியில் கிடைத்த ஒரு பெலம்னைட்டிலிருந்து. அது டைனோசர் காலத்துக் கடல் பிராணி. அதன் கூட்டைத் தூளாக்கி, அதில் இருக்கும் ஆக்சிஜன் விகிதத்தையே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். கையில் இருந்ததை எடுத்து வைத்துக்கொண்ட பூஜ்யம் அது. அந்தத் தூள் தீர்ந்துபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றும் உலகத்தின் எந்த மூலையில் ஒரு சிப்பியை அளந்தாலும் அந்தப் பெலம்னைட்டின் பெயரில்தான் எண்ணை எழுதுகிறார்கள்.

சிப்பியை வாயுவாக்கும் வழியை ஜான் மெக்ரே வகுத்தார். சில மில்லிகிராம் தூள் போதும். நீர் துளியும் கலக்காத பாஸ்பாரிக் அமிலத்தை அதன்மேல் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடு வெளிவரும். அதைப் பிடித்துச் சுத்தப்படுத்திக் கருவிக்குள் அனுப்ப வேண்டியதுதான். உயிரினம் எதுவும் இல்லாமல் வெறும் நீரில் வெவ்வேறு வெப்பத்தில் சுண்ணாம்பைப் படியவைத்தும் மெக்ரே அளந்து பார்த்தார். யூரியின் கணக்கு ஏறத்தாழச் சரியாக வந்தது.

வெறும் நீர் பொய் சொல்லவில்லை. உயிருள்ள பிராணி?

*

இந்த இடத்தில்தான் சாமுவேல் எப்ஸ்டைன் வருகிறார். இன்றைய பெலாருஸில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, 1947ல் சிகாகோவுக்கு வந்த வேதியியலாளர். அவரோடு சேர்ந்தவர் ரால்ஃப் புக்ஸ்பாம். முதுகெலும்பில்லாத உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் அமெரிக்கக் கல்லூரிகளில் வெகுகாலம் ஓடியது. ஐசோடோப்புகளோடு காலம் தள்ளிய கூட்டத்துக்குள் நத்தைகளையும் சிப்பிகளையும் அறிந்த ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தது யூரி செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று என்பேன்.

அவர்கள் செய்த சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குளிர்ந்த பசிபிக் கரையிலிருந்தும், வெதுவெதுப்பான பெர்முடாக் கடலிலிருந்தும் ஓடுள்ள பிராணிகளை எடுத்தார்கள். இயற்கையில் வளர்ந்த ஓட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது எந்த மாதத்தில், எந்த வெப்பத்தில் கட்டப்பட்டது என்று யார் பார்த்தார்கள்? அதனால் உயிருள்ள பிராணியின் ஓட்டில் வெட்டு விழ வைத்தார்கள், துளை போட்டார்கள். பிறகு அதை வெப்பம் மாறாத தொட்டிக்குள் விட்டார்கள். உடைந்த ஓட்டோடு எந்தச் சிப்பியும் சும்மா இருக்காது. அடைக்கும். அடைத்து முடித்ததும், அந்தப் புதுப் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். தொட்டியின் வெப்பம் தெரியும், நீரின் ஆக்சிஜன் விகிதம் தெரியும், ஓடும் கையில் இருக்கிறது. இனி அது உண்மை சொல்கிறதா இல்லையா என்று நேருக்கு நேர் பார்த்துவிடலாம்.

1951ல் முதல் அளவுகோல் அச்சாகியது. இரண்டே ஆண்டுகளில், 1953ல், அதே ஆட்களே அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

காரணம் அழுக்கு. சிப்பி ஓடு வெறும் சுண்ணாம்பு இல்லை. அடுக்குக்கு அடுக்கு நடுவே மெல்லிய புரதச் சவ்வு இருக்கிறது. அதுதான் ஓட்டைக் கட்டிப் பிடிக்கும் பசை. அந்தப் புரதம் தன் பங்குக்கும் அளவில் புகுந்து குழப்பியது. ஹீலியம் வாயு ஓடிக்கொண்டிருக்க, தூளைப் பல நூறு டிகிரியில் வறுத்து அதை விரட்டினார்கள். ஆய்வகத்தில் இதைவிட அலுப்பான வேலை இருக்க முடியாது. ஆனால் அந்த வறுவலுக்குப் பிறகுதான், குளிர்கடல் பிராணியும் வெந்நீர்த் தொட்டிப் பிராணியும் ஒரே வளைகோட்டில் வந்து ஒழுங்காக உட்கார்ந்தன. கன ஆக்சிஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால், நீர் சுமார் 4.3 டிகிரி கூடியிருக்கிறது என்று பொருள். யூரியின் பெயர் இந்த வெப்பமானியோடு ஒட்டிக்கொண்டது நியாயம்தான். ஆனாலும் யோசனை ஒரு சொற்பொழிவில் பிறந்தது. அதை நம்பத்தக்கதாக்கியது இந்த ஆறேழு ஆண்டுச் சுரண்டலும் வறுத்தலும்தான்.

சிப்பி நேர்மையானது என்று தெரிந்துவிட்டது. எல்லாப் பிராணியும் அப்படி இல்லை. கடல் முள்ளெலி, நட்சத்திர மீன் வகையறாக்கள் தம் இஷ்டத்துக்கு ஆக்சிஜனைக் கலக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். மிஞ்சியவை போதும்.

ஆனால் இவையெல்லாம் நேற்றுச் செத்த பிராணிகள். பதினைந்து கோடி ஆண்டு பூமிக்குள் கிடந்த ஓடு?

*

ஹைன்ஸ் லோவென்ஸ்டாம் 1912ல் சைலீசியாவில் பிறந்தவர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் படித்து, பாலஸ்தீனத்தின் பாறைகளில் அலைந்து ஆய்வு செய்தார். எல்லாம் முடித்துவிட்டு வந்து நின்றவருக்கு, யூதர் என்பதால், நாஜி ஜெர்மனி முனைவர் பட்டம் தர மறுத்தது. 1937ல் சிகாகோவுக்குக் கப்பலேறினார். 1939ல் அங்கே பட்டம் வாங்கினார். இல்லினாய் மாநிலப் புவியியல் துறையில் வேலை பார்த்தபோது, அந்தச் சமவெளிக்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய பவளப் பாறைத் திட்டுகளை ஆராய்ந்தார். பாறையைக் கையில் எடுத்ததும் அது எந்தக் கடலில், எந்த மாதிரி இடத்தில் படிந்தது என்று சொல்லக்கூடிய கண் அவருக்கு இருந்தது. யூரியின் கூட்டத்தில் அந்தக் கண் வேறு யாருக்கும் இல்லை.

அவர் கேட்ட கேள்விதான் இந்த அத்தியாயத்தின் முடிச்சு. நிலத்துக்குள் போன ஓட்டின்மேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழைநீர் ஊறுகிறது. சுண்ணாம்பு கரைந்து மறுபடி படிகிறது. மழைநீரில் கன ஆக்சிஜன் குறைவு. அந்த நீரில் மறுபடி படிந்த ஓட்டை அளந்தால் கடல் கொதித்துக்கொண்டிருந்தது என்றுகூட விடை வரலாம். அளக்கப்போவது பழைய கடலையா, பிறகு ஊறிய நிலத்தடி நீரையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் பருவங்கள் உதவிக்கு வந்தன.

ஒரு ஓடு பல ஆண்டுகள் வளர்ந்திருந்தால், அதன் அடுக்குகளில் கோடையும் குளிர்காலமும் மாறி மாறி இருக்க வேண்டும். ஓடு பிறகு கெட்டுப்போயிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் மிஞ்சாது. மழையில் நனைந்த கணக்கு நோட்டில் எல்லா வரியும் கலந்து ஒரே நீலமாகிப்போவதுபோல், எல்லா அடுக்கும் ஒரே எண்ணாகிவிடும். ஆகவே ஒரு புதைபடிவத்துக்குள் கோடையும் குளிரும் தனித்தனியாகத் தெரிந்தால் நோட்டு நனையவில்லை. பருவத்தைத் தேடியது பழைய பருவம் எப்படி இருந்தது என்று அறிய மட்டுமில்லை. மற்ற எண்களை நம்பலாமா வேண்டாமா என்பதற்கு அதுவே சாட்சி.

சாட்சிக் கூண்டில் ஏற்ற அவர்கள் தேர்ந்தெடுத்தது ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலம்னைட்.

*

பெலம்னைட் என்பது கணவாயின் தூரத்து உறவு. உடம்புக்குள்ளே, வால் பக்கம், துப்பாக்கிக் குண்டுபோல் கூரான ஒரு சுண்ணாம்புத் தண்டு இருக்கும். பிராணி அழிந்துபோனது, தண்டு கல்லாக நின்றது. நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஓடைகளில் சுற்றியவர்கள் இதைக் காலில் இடறியிருப்பார்கள். ஸ்கை தீவுக்காரர்களுக்கும் இது பழக்கமான கல்தான். 1703ல் அந்தத் தீவுகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய மார்ட்டின் மார்ட்டின், குதிரைக்கு வயிற்றில் புழு வந்தால் இந்தக் கல்லைச் சில மணி நேரம் ஊறப்போட்ட நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள் என்று குறித்திருக்கிறார்.

தண்டைக் குறுக்கே வெட்டினால் மரத்தைப்போலவே வளையங்கள் தெரியும். நடுவில் இருப்பது பிராணியின் குழந்தைப் பருவம். வெளி ஓரத்தில் இருப்பது அதன் கடைசி நாட்கள். சிகாகோவில் வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வோர் அடுக்காக அரைத்து எடுத்தார்கள். ஒவ்வோர் அடுக்கின் தூளும் தனித்தனியாக அமிலத்துக்குள் போனது, கருவிக்குள் போனது, வரைபடத்தில் ஒரு புள்ளியானது.

புள்ளிகள் கீழே இறங்கின. ஏறின. இறங்கின. மறுபடி ஏறின.

1951ல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் யூரி, லோவென்ஸ்டாம், எப்ஸ்டைன், மெக்கின்னி ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரையில் அந்த வரைபடம் இருக்கிறது. அதில் மூன்று முகடுகள், நான்கு பள்ளங்கள். மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் அந்தப் பிராணி பார்த்திருக்கிறது. குழந்தைப் பருவத்தை அளக்க முடியவில்லை; நடுவில் இருந்த சுண்ணாம்பு அவர்கள் கருவிக்குப் போதாத அளவு கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஆயுள் சுமார் நான்கு ஆண்டுகள். கடைசி அடுக்குகளில் கோடு நான்காவது பள்ளத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கி, கோடை வருவதற்குள் நின்றுவிடுகிறது. அதனால் அது இறந்தது வசந்தத்தில் என்று எழுதினார்கள். நீரின் சராசரி வெப்பம் 17.6 டிகிரி. கோடைக்கும் குளிருக்கும் அதிகபட்ச வித்தியாசம் சுமார் 6 டிகிரி.

புவியியல் கட்டுரை வழக்கமாக லட்சங்களிலும் கோடிகளிலும் பேசும். அங்கே ஒரு பிராணி எந்தப் பருவத்தில் செத்தது என்ற செய்தி வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். அதைவிட முக்கியம், நோட்டு நனையவில்லை என்பது. அவர்கள் கணக்கில் 15 கோடி ஆண்டுகளாக, அந்தக் குளிர்காலங்கள் கல்லுக்குள் அப்படியே இருந்தன.

இன்று ஸ்கையைச் சுற்றியுள்ள கடல் கோடையில்கூட 14 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். 17.6 என்பது சராசரி என்பதைக் கவனியுங்கள். அப்போது ஸ்கை இன்னும் தெற்கே இருந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் கண்டங்கள் நகர்கின்றன என்ற பேச்சையே 1951ல் அமெரிக்கப் புவியியலாளர்கள் பெரும்பாலோர் மதிக்கவில்லை.

கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது. அந்தப் பெலம்னைட் இளமையில் இருந்த நீர், முதுமையில் இருந்ததைவிட வெதுவெதுப்பானது.

ஏன்? நான்கே ஆண்டுகளில் கடல் குளிர்ந்துவிட்டதா? வயதானதும் பிராணி ஆழத்துக்கு, குளிர்ந்த நீருக்குப் போய்விட்டதா? அல்லது மாறியது வெப்பமே இல்லாமல், நீரின் ஆக்சிஜனா?

*

மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது. யூரிக்கும் அது தெரியும்.

தொட்டியில் சோதித்தபோது நீரின் ஆக்சிஜன் விகிதத்தையும் சேர்த்து அளந்தார்கள். பழைய கடலின் நீரை யார் அளப்பது? அது இன்றைய கடல்போலவே இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட முடியும். 17.6 என்ற எண்ணுக்குள் அந்த ஊகம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

பழவேற்காடு ஏரியில் ஒரு சிப்பி வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் அடைமழை. ஆற்று வெள்ளம் ஏரிக்குள் புகுகிறது. மழைநீரில் கன ஆக்சிஜன் குறைவு என்று மேலே பார்த்தோம். அந்த வாரம் சிப்பி கட்டிய அடுக்கிலும் அது குறைவாகவே இருக்கும். கன ஆக்சிஜன் குறைந்தால் வெப்பமானி என்ன சொல்லும்? சூடு என்று சொல்லும். பின்னாளில் அதை அளப்பவர் வடகிழக்குப் பருவமழையைக் கத்திரி வெயில் என்று எழுதிவைக்கக்கூடும்.

திறந்த கடலில் மழையின் குறும்பு குறைவு. கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசமும் ஓரளவு தப்பிவிடும். நீரின் விகிதம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவு நகரும், இடைவெளி மாறாது. ஆகவே ஸ்கையின் 6 டிகிரியை நம்பும் அளவுக்கு 17.6ஐ நம்ப முடியாது. இந்த வேறுபாட்டைப் பலர் பல காலம் கண்டுகொள்ளவில்லை.

திறந்த கடலையும் விடாத ஒன்று உண்டு. பனி. கடல்நீர் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் முந்திக்கொண்டு கிளம்புகிறது. அது துருவத்தில் பனியாக விழுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் திரும்பி வராமல் மலைபோலக் குவிந்தால், கடலில் மிஞ்சுவது கனமான பங்கு. கடல் குளிராவிட்டாலும் சிப்பியில் கன ஆக்சிஜன் கூடும். வெப்பமானி குளிர் என்று சொல்லும்.

யூரியின் ஆய்வகத்தில் செசாரே எமிலியானி என்ற இத்தாலிய இளைஞர் இருந்தார். பொலோனியாவிலிருந்து 1948ல் வந்தவர். அவர் சிப்பிகளை விட்டுவிட்டு, ஆழ்கடல் சேற்றில் கோடிக்கணக்கில் புதைந்து கிடக்கும் போராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகளை எடுத்துக்கொண்டார். கடலடியில் குழாயைச் செருகி எடுத்த சேற்றுத் தண்டுகளில் மேலிருந்து கீழே அளந்துகொண்டு போனார். 1955ல் அவர் வெளியிட்ட வளைகோட்டில் பனியுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலை அலையாக வந்தன. பனியின் பங்கைக் கழித்துவிட்டேன் என்றார். அது சிறியது என்றார். வெப்பமண்டலக் கடலின் மேல்பரப்பே பனியுகத்தில் சுமார் 6 டிகிரி குளிர்ந்தது என்றார். உலகம் நம்பியது.

1967ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர் நிக்கோலஸ் ஷாக்கிள்டன். வயது முப்பது. கிளாரினெட் வாசிப்பதில் பெரிய கெட்டிக்காரர். அவர் செய்தது ஒரே ஒரு ஒப்பீடு. மேல்பரப்பில் மிதந்து வாழும் போராமினிஃபெராவை எமிலியானி அளந்தாரே, அதே காலத்தில் கடலின் அடித்தரையில் வாழ்ந்தவற்றில் என்ன தெரிகிறது?

அடித்தரையில் இன்றே நீர் உறைநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலேதான். பனியுகத்தில் மேல்பரப்பு 6 டிகிரி குளிர்ந்திருக்கலாம். அடித்தரை இன்னும் 6 டிகிரி குளிர்வதற்கு இடமே இல்லை, அதற்குள் உறைந்துவிடும்.

ஆனால் ஷாக்கிள்டனின் கருவியில் ஏற்ற இறக்கம் மேலேயும் கீழேயும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது.

அப்படியானால் பன்னிரண்டு ஆண்டுகளாக எமிலியானியின் வெப்பமானி அளந்துகொண்டிருந்தது எதை?

(அடுத்த வாரம்)